கடல் தாண்டிய காகிதங்கள்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். "எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது" என்றேன். "பின்ன உனக்கு இன்னாதான்டா வரும்?" என்றான் பக்கத்து பெஞ்சுக்காரன். அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஓரளவு நன்றாக வருவது ஒன்றே ஒன்றுதான். படிவம் நிரப்புவது!

சிரிக்காதீர்கள். இந்த மூன்று வருடத்தில் ரெக்கார்டு நோட்டில் எழுதியதைவிட, கட்டம் கட்டமாகப் போட்ட படிவங்களில் நான் எழுதிய ஆங்கில எழுத்துகள்தாம் அதிகம். பாஸ்போர்ட், பான் அட்டை, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று அத்தனையும் என் அப்பாவுக்காக. அப்பா சவூதி அரேபியாவில் தம்மாம் நகரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். அப்பாவோ அண்ணனோ மாமாவோ வளைகுடாவில் இருக்கிற நண்பர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு நம்மில் சிலரும் டிப்ளமோ சான்றிதழோடு அங்கே போகலாம். அதனால்தான் எங்கள் வீட்டுக் காகிதக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தறிக்குழியிலிருந்து

எங்களுடையது ஆரணியில் எத்தனையோ வீடுகளைப் போல ஒரு நெசவாளர் வீடு. நடுவீட்டில் குழித்தறி. அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தறியில் இறங்கியவர். அம்மா தார் சுற்றிக் கொடுப்பார். ஆயாவுக்குத் தறிச் சத்தம் கேட்டால்தான் மதியத் தூக்கம் வரும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் நெய்கிறவர் வீட்டில் கூலி வந்தால்தான் உலை கொதிக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாண மண்டபங்களைப் பூட்டினார்கள். கல்யாணம் இல்லை என்றால் பட்டுச் சேலை யாருக்கு வேண்டும்? "இப்போதைக்குப் பாவு இல்லப்பா, பொறுத்துக்கோ" என்றார் முதலாளி. நாங்கள் பொறுத்தோம். வாங்கிய கடன்தான் பொறுக்கவில்லை. அது வட்டியோடு வளர்ந்தது. ஊரடங்கு முடிந்த பிறகும் பழையபடி பாவு வரவில்லை. 2022ஆம் வருடத் தொடக்கத்தில் அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நான் சவூதிக்குப் போலாம்னு இருக்கறேன்" என்றார். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் வீட்டில் யாரும் பேசவில்லை.

பத்தாவது படிக்காத பாஸ்போர்ட்

முதல் காகிதம் பாஸ்போர்ட். கட்டணம் ரூ.1,500. வேலூரில் உள்ள அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு அப்பாவோடு நானும் போனேன். வீட்டில் ஆங்கில எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான்தானே! முதல் சிக்கல் பெயரிலேயே வந்தது. நமக்கெல்லாம் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். கூடவே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தாத்தாவின் பெயரைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் உட்கார வைத்தோம். ஆதாரில் வெறும் இனிஷியல். பான் அட்டையில் தாத்தா பெயர் முன்னால். பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் பின்னால். ஒரே மனிதர், மூன்று காகிதத்தில் மூன்று ஆள்!

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் தொல்லைதான். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அன்று பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்திருப்பார்கள்!

2022 ஜூன் மாதம் அப்பாவின் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. அதே மாதம் என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு தேறியவன் நான். ஆயா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தோடு பாஸ்போர்ட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. குடிபெயர்வுச் சோதனை தேவை என்று அதற்குப் பொருள். சுருக்கமாக இ.சி.ஆர். என்பார்கள்.

"இது இன்னா தம்பி?" என்றார் அப்பா.

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் சவூதி, குவைத், கத்தார், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம், விசா, காப்பீடு எல்லாம் சரியா என்று பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். 2014 முதல் இதெல்லாம் இ-மைகிரேட் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. எழுத்தறிவு குறைந்தவரை எவரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"பத்தாவது படிக்கலன்னு பாஸ்போர்ட்லயே எழுதிட்டாங்களா?" என்று கேட்டார்.

என் கையில் என் மதிப்பெண் பட்டியல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் செய்த தவறு

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர், வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கக் கூடாது. ரசீதும் கொடுக்க வேண்டும். இது விதி. இதை நான் தெரிந்துகொண்டது எப்போது தெரியுமா? அப்பா விமானம் ஏறி ஆறு மாதம் கழித்து! எங்களிடம் ஒரு தரகர் வாங்கியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லன்னா வேற ஆளைப் பாருங்க" என்றார். அந்தப் பணத்தில் பாதி வட்டிக்கு வாங்கியது. மீதி அம்மாவின் தாலிக்கொடி.

பணம் கட்டிப் பல நாள் கழித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லிச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஓர் அறையில் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "சீக்கிரம் சீக்கிரம்" என்று ஒருவர் காகிதத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். எங்களிடம் வாய்மொழியாகச் சொன்ன சம்பளம் மாதம் 1,500 ரியால். ஆங்கிலப் பக்கத்தில் நான் பார்த்தது 1,000.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியா இருக்குதா தம்பி?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். படித்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் கேட்க வெட்கம். கேட்டால் அந்த மனிதர் கத்துவாரோ என்று பயம். மீதி 500 ரியால் அந்த அரபிப் பக்கத்தில் இருக்குமோ என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். "சரியாத்தான் இருக்குதுப்பா" என்றேன். அப்பா தமிழில் தன் பெயரை மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அரபிப் பக்கத்தில் எந்த 500ம் இல்லை. சவூதியில் ஒப்பந்தத்தின் அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு வந்தால் அரபி எழுத்துத்தான் செல்லும் என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாதம் 500 ரியால், இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு 12,000 ரியால். அன்றைக்கு ஒரு ரியால் சுமார் 22 ரூபாய். கணக்குப் போட்டால் 2,64,000 ரூபாய் வருகிறது. நான் வாய் திறக்காததற்கு இதுதான் விலை என்று ரொம்ப நாள் எனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தாத்தா பெயரில் ஓர் ஆள்

அப்பா போய்ச் சேர்ந்து சில வாரங்களில் 'இக்காமா' அட்டையின் படத்தை அனுப்பினார். இக்காமா என்றால் சவூதியில் வெளிநாட்டவர் தங்குவதற்கான அனுமதி அட்டை. பத்து இலக்க எண். அந்நாட்டுக் குடிமக்களின் எண் 1இல் தொடங்கும், வெளிநாட்டவர் எண் 2இல் தொடங்கும். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். அந்த எண் இல்லாமல் அங்கே சிம் கார்டு கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது, மருத்துவமனைக் காப்பீடும் கிடையாது.

அட்டையில் பெயர் அரபியிலும் இருந்தது. எங்கள் தாத்தாவின் பெயர் ஒரு முருகன் மலையின் பெயர். அதில் 'ப'வும் உண்டு, 'ழ'வும் உண்டு. அரபியில் 'பட்டு' என்னும்போது வருகிற 'ப'வுக்கு எழுத்து இல்லை. 'அம்பு' என்னும்போது வருகிற 'ப'தான் உண்டு. 'ழ'வுக்கோ கேட்கவே வேண்டாம், 'ல'தான். தாத்தா அங்கே வேறு மாதிரி ஆகிவிட்டார். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தாத்தா உட்கார்ந்திருப்பதால், கிடங்கில் எல்லோரும் அப்பாவை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.

இதை அப்பா போனில் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்லி அறியாதவர் அவர். ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் அப்பா பேசும்போது, "இன்னிக்கு அவர் பேரைச் சொல்லி கூப்ட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேறு பேச்சுப் பேசுவார்.

ஒத்துப்போகாத கையெழுத்து

பணம் வர ஆரம்பித்தது. அப்பா பழைய சேமிப்புக் கணக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் கழித்து, வங்கியில் பாஸ் புத்தகத்தில் வரவு போடப் போனபோது ஓர் அதிகாரி அம்மா, "உங்க அப்பா வெளிநாட்டுல இருக்காரா? இந்தக் கணக்கை மாத்தணுமே தம்பி" என்றார்.

அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே தருகிறேன். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (1999) சொல்வது இது. வேலைக்காக வெளிநாடு போனவர், உள்ளூர்ச் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை போல இந்தியாவிலேயே வருகிற பணம் அதில் சேரும். வட்டிக்கு வரிப் பிடித்தம் உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட என்.ஆர்.இ. என்று தனிக் கணக்கு. அதில் வருகிற வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் தடையில்லை. இங்குள்ள நெருங்கிய உறவினர் ஒருவருக்கு, உள்ளூர்ச் செலவுக்கு அந்தக் கணக்கைக் கையாள அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

படிவத்தைத் தம்மாம் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பாஸ்போர்ட் நகல், விசா நகல், இக்காமா நகல், போட்டோ, கையெழுத்து எல்லாவற்றோடும் திரும்பி வந்தது. வங்கியில் பார்த்துவிட்டு, "கையெழுத்து ஒத்துப்போகலையே" என்றார்கள். இன்னொரு படிவம் போனது. இரண்டு மாதம் கழித்து வந்தது. அதுவும் ஒத்துப்போகவில்லை!

எனக்கு ஆச்சரியம். அறுந்த இழையை மங்கிய வெளிச்சத்தில்கூடச் சரியான இடத்தில் முடிகிற கை, தன் பெயரை ஒரே மாதிரி இரண்டு தரம் எழுதாதா? போனில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் படிவம் திரும்பியதும் அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டதாம். கிடங்கில் காலி அட்டைப்பெட்டிகள் மேல் தினமும் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறார். படம் எடுத்து அனுப்பினார். பெட்டிக்குப் பெட்டி அழகாகிக்கொண்டே போயிருந்தது கையெழுத்து. அதுதான் கோளாறு!

அந்த அதிகாரி அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "பாஸ்போர்ட்ல எப்படிப் போட்டாரோ அப்படியே போடச் சொல்லு தம்பி. நல்லா போட வேணாம்" என்றார். மூன்றாவது படிவம் தேறியது.

முடங்கிய கணக்கு

இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. கட்டணமும் அவருடையதே. 2024இல் அப்பா வேலை செய்த நிறுவனம் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. கேட்டால், "நாளைக்கு, நாளைக்கு" என்ற பதில். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "அக்கவுண்டை முடக்கிட்டாங்க தம்பி. பணம் உள்ளதான் இருக்குது, எடுக்க முடியல" என்றார். இக்காமா காலாவதியானால் சவூதி வங்கிகள் கணக்கை முடக்கிவிடும். போலீஸ் சோதனையில் மாட்டினாலும் சிக்கல். அப்பா அறைக்கும் கிடங்குக்கும் மட்டும் போய் வந்தார். நம் செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அக்கா, எவ்ளோ வேணும் சொல்லு, நாளைக்கே கையில தரேன். அண்ணன் அங்க அப்புறமா எங்க ஆள்கிட்ட ரியாலா குடுத்தா போதும்" என்றார். இதுதான் உண்டியல். அம்மா என்னைப் பார்த்தார். "அவன் ஒரு பாரம்கூட கேக்கலடா" என்றார்.

நண்பர்களே, அம்மா சொன்னதில் எத்தனை நியாயம் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. வங்கி எங்களிடம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பியது. இந்த மனிதர் காகிதமே கேட்கவில்லை. ஆனால் உண்டியல் சட்டவிரோதம். மாட்டினால் பரிமாறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அதே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிட, பணம் வராமல் போனால் எந்தக் காகிதத்தைக் காட்டி யாரிடம் கேட்பது? "வேணாம்மா" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் காதில் இருந்த ஜிமிக்கியைக் கழற்றிக்கொண்டு வந்தார். என் கட்டணம் அடகுக் கடை வழியாகத்தான் கல்லூரிக்கு வந்தது.

இந்த முறை வாய் மூடி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சவூதியில் 2021 மார்ச் 14 முதல் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் தொழிலாளி சில நிபந்தனைகளோடு வேறு முதலாளிக்கு மாறலாம். முதலாளி இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டது அப்படி மாறுவதற்கான காரணங்களில் ஒன்று. வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர் போன்றோருக்கு இந்த மாற்றம் பொருந்தாது. கிடங்குத் தொழிலாளிக்குப் பொருந்தும். 'கிவா' என்ற அரசு இணையதளத்தில் இது நடக்கும். விதிகளை ஆங்கிலத்தில் வரி வரியாகப் படித்து, தமிழில் எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன். அறையில் கூட இருந்த ஒரு கேரளத்துக்காரர் அங்கே வழிகாட்டினார். நமக்கும் சவூதிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அப்பா வேலை முடிந்து வந்து பேசும்போது இங்கே நள்ளிரவாகிவிடும். ஏறக்குறைய மூன்று மாதம் அப்படிப் போனது. வேறொரு கிடங்கில் அப்பாவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

புது ஒப்பந்தம் அப்பாவின் கைப்பேசிக்கே வந்தது. அதைப் பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா திரைப்படம் எடுப்பது போல ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். "நீ பாத்து சொல்ற வரைக்கும் நான் அமுக்க மாட்டேன்" என்றார். சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுப் படி தனியா, விடுமுறைக்கு வந்துபோக டிக்கெட் யார் செலவு என்று மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். அப்பா போய்க் கேட்டார். அவர்களும் பதில் சொன்னார்கள். யாரும் கத்தவில்லை!

அன்று இரவு, சென்னையில் நடந்ததை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே ஆயிரம்னு பாத்தேன்பா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கு எழுத்துதான்டா தெரியாது. நம்பர் தெரியாதா?" என்றார் அப்பா. "கூலிக் கணக்கு பாத்து வளந்தவன் நான். ஆயிரம்னு நானும் பாத்தேன். ஒரு லட்சம் கட்டியாச்சு, தாலிக்கொடி போயாச்சு. அதுக்கப்புறம் இன்னாத்த கேக்கறது?"

இத்தனை நாள் நான் போட்ட கணக்கு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடும் நேரத்தில் படிப்பது போதாது. பணம் கொடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டிய பிறகு, படித்தவனும் படிக்காதவனும் ஒரே மாதிரிதான் கையெழுத்துப் போடுகிறான்.

நண்பர்களுக்குச் சில வார்த்தை

உங்கள் வீட்டிலும் யாராவது புறப்படுகிறார்கள் என்றால் இவற்றை மறக்காதீர்கள்.

1. ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வாங்கிப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முகவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்திலேயே பார்க்கலாம்.

2. ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். புறப்படுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

3. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். அந்தப் பத்திரத்தின் நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

4. வங்கிக்குப் புறப்படுவதற்கு முன்பே போய், கணக்கை மாற்றுவது பற்றிக் கேளுங்கள். அப்பா நேரில் போடுகிற கையெழுத்துக்கு இருக்கிற மரியாதை தபாலில் வருகிற கையெழுத்துக்கு இல்லை.

5. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இக்காமா நான்குக்கும் நகல் வீட்டில் வையுங்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சவூதிச் சட்டப்படியே தவறு. சிக்கல் வந்தால் இந்திய வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். தமிழக அரசிலும் அயலகத் தமிழர் நலத்துக்கென்று தனித் துறையும் நல வாரியமும் இருக்கின்றன.

நம் நாட்டுக்கு 2024-25 நிதியாண்டில் வெளிநாட்டிலிருந்து மக்கள் அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கும் மேல். பேப்பரில் பெருமையாகப் போடுகிறார்கள். அதில் எத்தனை கையெழுத்து ஒத்துப்போகாமல் திரும்பி வந்து, மறுபடி போனதோ!

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம் கல்லூரி வாசலில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுவோம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வரட்டும். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் வரட்டும். பேனா நாமே கொடுப்போம். பெரிய செலவில்லை. முதல் நாற்காலியில் நான் உட்காருகிறேன்.

அம்மாவின் ஜிமிக்கி மீண்டு வந்துவிட்டது. தாலிக்கொடி இன்னும் வரவில்லை. பழைய நிறுவனத்தில் ஒரு மாதச் சம்பளம் நிலுவையில் நிற்கிறது. புகார் கொடுத்திருக்கிறோம், விடப்போவதில்லை.

போன மாதம் நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்தைக் காட்டு" என்றார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. திருப்பிக் காட்டினேன். அந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்பா கைப்பேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"சரி, பத்திரமா வை" என்றார்.